மனச்சிதைவும் சிகரட்டும்: மெய்நிகர்க் கண்ணாடி சொல்லும் பாடம்

"பாவம், அவனுக்கு வேற என்ன இரிக்கி? அதையாவது குடிக்கட்டும்." மனச்சிதைவு நோயுள்ள பிள்ளைக்கு சிகரட் வாங்கிக் கொடுக்கும்போது நம் வீடுகளில் சொல்லும் பேச்சு இது. இரக்கம்தான். ஆனால் இந்நோயாளர்கள் ஏனையோரை விடப் பல வருடங்கள் முந்தியே மௌத்தாகிறார்கள். இருதய, நுரையீரல் நோய்களே அதற்குப் பெரும் காரணம்; அவற்றின் பின்னால் சிகரட் இருக்கிறது.

இவர்கள் புகையை விட உதவும் புதிய வழிகளுள் ஒன்று மெய்நிகர்க் காட்சி. கண்ணை மூடும் கருவியொன்றை மாட்டியதும் எதிரே ஒரு தேநீர்க்கடை தெரிகிறது. மேசையில் சாம்பல் தட்டு, பக்கத்தில் சிகரட் நீட்டும் கூட்டாளி. ஆசை பொங்கும். புகைக்காமல் அப்படியே இருந்தால் சில நிமிடங்களில் அது தணியும். இதைத் திரும்பத் திரும்பப் பழக்குவதே சிகிச்சை. இத்தகைய காட்சிகள் உண்மையான ஆசையைக் கிளப்புகின்றன என்பதை அமெரிக்க ஆய்வாளர் பேட்ரிக் போர்ட்னிக் குழுவினர் 2005இல் காட்டினர்.

'இல்லாததைக் கேட்பவருக்கு இல்லாததைக் காட்டினால் நோய் கூடாதா?' நியாயமான கேள்விதான். லண்டனில் 150 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. அவர்களைத் துன்புறுத்தும் குரலுக்குக் கணினித் திரையில் முகம் கொடுத்து, சிகிச்சையாளர் துணையோடு அதனுடன் பேச வைத்தார்கள். 12 வாரத்தில் குரல்களின் தொல்லை குறைந்தது. துணையோடு செய்வதுதான் முக்கியம்.

கல்குடாவுக்குக் கருவி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆசை ஓர் அலை. அது தணியும் வரை பக்கத்தில் ஓர் ஆள் இருந்தால் போதும். கடைத்தெருவைக் கடக்கும்போது காக்கா ஒருவர் கூடவே நடக்கலாம். நோன்பில் பகல் முழுக்கப் புகையாதிருப்பவருக்கு, நோன்பு திறந்த பிறகு வரும் அந்த அரை மணித்தியாலமே பயிற்சிக் களம்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. சிகரட் புகை, க்ளோசபின், ஒலன்சபின் மருந்துகளை ஈரல் வேகமாகக் கரைக்கும்படி செய்கிறது. இதைச் செய்வது நிக்கொட்டின் அல்ல, புகைதான். ஆகவே நிக்கொட்டின் பட்டை ஒட்டினாலும், புகையை நிறுத்தியவருக்கு ஒரு கிழமைக்குள் அதே குளிசை இரத்தத்தில் கூடிவிடும். அசதி, எச்சில் வடிதல், கடும் மலச்சிக்கல், சிலருக்கு வலிப்பும் வரலாம். குளிசையை நாமாகக் குறைக்கவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. புகையை விடும் முன்பே கிளினிக்கில் வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும். அளவை அவர் மாற்றுவார்.

புகையை நிறுத்த 1948, மனநல உதவிக்கு 1926 என்ற இலக்கங்களை அழைக்கலாம்.