பச்சைச் சட்டையும் எங்கள் கிணற்றுத் தண்ணீரும்

போன தை மாதம் திருப்பூரில் உள்ள எங்கள் பிரிண்டிங் பட்டறைக்கு இரண்டு பேர் வந்தார்கள். விதைத் திருவிழா நடத்தும் உழவர் குழுவினர். "முந்நூறு பனியன் வேணுங்க. துணி நல்ல கரும்பச்சையா இருக்கோணும். முன்னால வெள்ளை எழுத்துல 'நஞ்சில்லா உணவு'. பின்னால தேதியும் ஊரும். எழுத்து பளபளன்னு நிக்கோணும்" என்றார்கள்.

நான் ஆர்டர் நோட்டை எடுத்துவிட்டேன். ஓரமாக உட்கார்ந்திருந்த அப்பாதான் கேட்டார்: "ஏனுங்க, அந்தப் பச்சை எங்கிருந்து வருதுன்னு தெரியுங்களா?"

அதைக் கேட்க அப்பாவுக்கு உரிமை உண்டு. எங்கள் நிலம் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருக்கிறது. நொய்யலின் குறுக்கே 1992-இல் பாசனத்துக்காகத் திறந்த அணை அது. அதில் தேங்கியதோ திருப்பூரின் சாயக்கழிவு. பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பைக் கொட்டியாக வேண்டும். சாயம் துணியில் பிடித்துக்கொள்ளும்; உப்பு பிடிக்காது, தண்ணீரோடு வெளியே வந்துவிடும். அந்த உப்புதான் எங்கள் கிணற்றில் இறங்கியது. முதலில் மஞ்சள் போச்சு, அப்புறம் வாழை. கடைசியில் தென்னையும் காய் சிறுத்துப்போனது. நான் பிழைப்புக்குப் பனியன் கம்பெனிக்கு வந்தேன். பிறகு சொந்தமாக ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறை போட்டேன். தண்ணியைக் கெடுத்த தொழிலிலேயே சோறு தின்கிறோம் என்று அப்பா சொல்லாத நாள் இல்லை.

2011 ஜனவரியில் சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தினால்தான் சாயப்பட்டறை ஓடலாம் என்று ஆனது. ஆனால் எங்கள் பட்டறையை யாரும் எட்டிப் பார்த்ததில்லை. ஸ்கிரீன் கழுவிய தண்ணீர் நேராகச் சாக்கடைக்குத்தான் போனது.

குப்பைக்குழி சொன்ன சேதி

என்னை மாற்றியது ஒரு கிழிந்த பனியன். நான் பிரிண்ட் செய்ததுதான். பருத்திதானே, மக்கட்டும் என்று அப்பா அதை எருக்குழியில் போட்டிருந்தார். மழைக்காலம் முடிந்து எருவைப் புரட்டினால் துணியைக் காணோம். தைத்த நூல் இருந்தது, அது பாலியஸ்டர். கூடவே என் பிரிண்ட், எழுத்து அழியாமல் பிளாஸ்டிக் தாள் மாதிரி கிடந்தது. அப்பா அதைக் கழுவிக் கொண்டுவந்து பட்டறைச் சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டார்.

பளபளவென்று நிற்கும் அந்த மையின் பெயர் பிளாஸ்டிசால். பிவிசி தூளை, அதை இளக்கும் எண்ணெயில் குழைத்தது. சுமார் 160 டிகிரி சூட்டில் இளகி ஒன்றாகித் துணிமேல் ஏடு போல உட்கார்ந்துவிடும். நீங்கள் மூன்று வருஷம் மருந்தடிக்காமல் நிலத்தை மாற்றி விளைவித்த பருத்தியாக இருந்தாலும் மேலே ஏறுவது பிளாஸ்டிக்தான். இயற்கைப் பருத்தித் துணிக்கான ஜிஓடிஎஸ் தரச்சான்றும் பிவிசி மையை அனுமதிப்பதில்லை.

பட்டறையில் என்ன மாற்றினோம்

முதலில் தண்ணீரில் கரைக்கும் பிக்மெண்ட் மைக்கு மாறினோம். சுலபமில்லை. திருப்பூர் வெயிலில் மை ஸ்கிரீனிலேயே காய்ந்து கண்ணை அடைத்துவிடும். முதல் மாதம் நாலு ஸ்கிரீன் வீணாயின. இப்போது காலையிலேயே அடிக்கிறோம். ஒவ்வொரு இழுப்புக்கும் பிறகு மையை ஸ்கிரீன்மேல் பரப்பியே வைக்கிறோம், இடையிடையே தண்ணீர் தெளிக்கிறோம். காயும் முன் தண்ணீரிலேயே கழுவிவிடலாம் என்பதால் மண்ணெண்ணெய், தின்னர் செலவு நின்றது. பையன்களுக்குத் தலைவலியும் நின்றது.

அடுத்து எமல்ஷன். ஸ்கிரீனில் படம் ஏற்றும்போது பைகுரோமேட் உப்பைக் கலந்து வந்தோம். கழுவும்போது மஞ்சளாக ஓடும் அந்தத் தண்ணீரில் இருப்பது குரோமியம். புற்றுநோய் தரக்கூடிய வகை. அதை விட்டுவிட்டு டயசோ எமல்ஷன் வாங்குகிறோம். விலை கூடத்தான்.

மூன்றாவது, கழுவும் முறை. மிச்ச மையை வழித்து டப்பாவில் போட்டு, ஸ்கிரீனைத் துணியால் துடைத்த பிறகே தண்ணீர் காட்டுகிறோம். அந்தத் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்துப் படிகாரம் போட்டால் மை அடியில் தங்கும். மேல் தண்ணீர் அடுத்த நாள் முதல் கழுவலுக்கு ஆகும். தோட்டத்துக்கு விடவே கூடாது. அடிச்சேற்றைத் தனியாகச் சேர்த்து, அபாயக் கழிவு எடுக்க அனுமதி பெற்றவர்களிடம் கொடுக்கிறோம்.

இதனால் நாங்கள் சுத்தமாகிவிட்டோம் என்று சொல்லமாட்டேன். பிக்மெண்ட் மையைத் துணியில் ஒட்டவைக்கும் பசையும் செயற்கைதான். ஆனால் ஏடு இல்லை, பிவிசி இல்லை.

பச்சை இல்லாமல் எப்படி?

வந்தவர்கள் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "சரிங்க, அதே கரும்பச்சையில இந்த மையை அடிச்சுக் குடுங்க" என்றார்கள். அங்கேதான் சிக்கல். கரும்பச்சை என்றாலே துணி முழுக்கச் சாயம். அதன்மேல் இந்த மையில் வெள்ளை எழுத்து எடுபடாது. எடுபட வைக்கச் சாயத்தை உரிக்கும் டிஸ்சார்ஜ் பிரிண்ட் போடலாம். அதில் ஃபார்மால்டிஹைடு நெடி கண்ணைக் கரிக்கும்.

"அப்படியே திருப்பிப் போடுங்க. துணி பருத்தி நிறத்துலயே இருக்கட்டும், எழுத்து பச்சையா இருக்கட்டும்" என்றேன். வெளுக்காத, சாயம் போடாத துணியைக் காட்டினேன். அங்கங்கே பருத்திக்கொட்டைத் தோல் புள்ளி தெரியும். ஒருவர் தடவிப் பார்த்துவிட்டு, "இது நம்ம காட்டுப் பருத்தி மாதிரியே இருக்குதுங்களே" என்றார். இன்னொருவருக்கு மனசில்லை. "பச்சைதானுங்க நம்ம அடையாளம்" என்றார். ஒரு வாரம் கழித்துத்தான் சரி சொன்னார்கள். தேதியை எடுத்துவிட்டார்கள். மிஞ்சினால் அடுத்த வருஷமும் உடுத்தலாம் அல்லவா? அதனால் முந்நூறு இருநூறு ஆனது. பிரிண்டிங் கூலி கூடியது, சாயக்கூலி மிச்சமானது.

ஆர்டர் கொடுக்கும் முன் கேளுங்கள்

• துணி முழுப் பருத்தியா? சாயம் போடாத துணி கிடைக்குமா?
• மை பிளாஸ்டிசாலா, தண்ணீர் மையா? எழுத்தைத் தடவிப் பாருங்கள். தடித்த ரப்பர் ஏடு போல இருந்தால் யோசியுங்கள்.
• ஸ்கிரீன் கழுவும் தண்ணீர் எங்கே போகிறது?
• ஒரே நிறம் போதாதா? தேதி அவசியமா?
• இத்தனை பனியன் தேவையா? பழைய பனியனிலேயே அடிக்க முடியாதா?

இப்படி ஒருவர் கேட்டால் பட்டறைக்காரர் சிரிப்பார். பத்துப் பேர் கேட்டால் மை மாறும். நானும் கேட்டதால்தான் மாறினேன்.

எங்கள் கிணறு இன்னும் உப்புத்தான். அந்த ஏடும் இன்னும் சுவரில்தான் தொங்குகிறது. ஆர்டர் கொடுக்க வருகிறவர்களை அப்பா முதலில் அங்கேதான் கூட்டிப்போகிறார்.