மருந்து கொடுத்துப் பிடித்த சிறுநீர்

பிள்ளைக்கு மூன்று வயதாகிறது, இன்னும் கதைக்கவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. ஆட்டிசமா என்று பார்க்க, குடும்ப மருத்துவர் (ஜி.பி.) மேல் பரிசோதனைக்குக் கடிதம் எழுதிவிட்டார். முறை வர மாதக்கணக்கில் ஆகும். அந்தக் காத்திருப்பில்தான் யாரோ ஒருவர் சொல்கிறார்: "உடம்பில் ஈயமும் பாதரசமும் சேர்ந்திருக்கும். சோதித்துப் பாருங்கள், மருந்து கொடுத்து இறக்கிவிடலாம்."

லண்டனின் தென்மேற்கே, கோலியர்ஸ் வுட்டிலும் அடுத்த ரயில் நிலையமான டூட்டிங் பிராட்வேயைச் சுற்றியும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஈயத்தைப் பற்றிய அவர்கள் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. இங்கே தெருத் தெருவாக நிற்பவை விக்டோரியா காலத்து வரிசை வீடுகள். பிரிட்டனில் 1970-க்கு முன் கட்டிய வீடுகளில் ஈயக் குழாய்கள் இன்னும் இருக்கலாம். பழைய பெயின்ட் அடுக்குகளிலும் ஈயம் உண்டு. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் சிலருக்கு மண்ணையும் உரிந்த பெயின்டையும் வாயில் போடும் பழக்கம் நீண்ட காலம் நீடிக்கும். கண்ணில் மையாக இடும் சுர்மாக்களில் சில முக்கால்வாசிக்கு மேல் ஈய சல்ஃபைடுதான். ஊரிலிருந்து வரும் மருந்துப் பொட்டலமும் கணக்கில் சேரும்: அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்த 2004-ஆம் ஆண்டு ஆய்வில், 14-இல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது.

தடுப்பூசி வழியாகப் பாதரசம் ஏறியிருக்கும் என்ற பயம் வேறு. எம்.எம்.ஆர். ஊசியில் பாதரசம் எப்போதுமே இருந்ததில்லை. மற்றக் குழந்தை ஊசிகளில் சிறிதளவு சேர்த்துவந்த, பாதரசம் கொண்ட தையோமெர்சலும் 2004-இல் பிரிட்டனின் வழக்கமான அட்டவணையிலிருந்து போய்விட்டது. எம்.எம்.ஆரை ஆட்டிசத்தோடு முடிச்சுப்போட்ட 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையை லான்செட் இதழ் 2010-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது.

ஈயம் இருக்கிறதா என்று அறிய நேர்மையான வழி ஒன்றுதான்: நரம்பிலிருந்து கொஞ்சம் இரத்தம் எடுத்துப் பார்ப்பது. ஆனால் பெற்றோர் பணம் கட்டிச் செய்யும் சோதனை பெரும்பாலும் வேறு. பிள்ளைக்கு முதலில் டி.எம்.எஸ்.ஏ. போன்ற ஒரு கீலேஷன் மருந்தைக் கொடுத்துவிட்டு, அடுத்த சில மணி நேரத்துச் சிறுநீரைப் பிடித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள். அந்த மருந்தின் வேலையே உலோகத்தைக் கவ்விச் சிறுநீரில் இறக்குவது. உலகில் யார் உடம்பிலும் துளி ஈயமும் துளி பாதரசமும் உண்டு. மருந்து போட்டால் அது வெளியே வரத்தான் செய்யும். பாயை எடுத்துத் தட்டினால் எந்த வீட்டிலும் தூசி பறக்கும். அப்படி வந்த எண்ணை, மருந்தே எடுக்காத மனிதர்களின் சாதாரண அளவோடு ஒப்பிட்டு, சிவப்புக் கோடு போட்டு அறிக்கை தருகிறார்கள். அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்த தாய் எப்படித் தூங்குவாள்? அமெரிக்க மருத்துவ நச்சியல் கல்லூரி இந்தச் சோதனைக்கு அறிவியல் அடிப்படை இல்லை, இதனால் தீங்கும் நேரலாம் என்று 2009-இலேயே அறிவித்துவிட்டது. எனக்கு இதில் ஆறாத கோபம் உண்டு. எந்தப் பிள்ளையைக் கொண்டுபோனாலும் "இருக்கிறது" என்றே பதில் சொல்லும் ஒன்றுக்குச் சோதனை என்ற பெயரே பொருந்தாது.

கீலேஷன் போலி மருத்துவம் என்று நான் சொல்லவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது ஆர்செனிக் கலந்த நச்சு வாயுவுக்கு முறிவாக ஆக்ஸ்ஃபோர்டில் உருவான மருந்திலிருந்து வளர்ந்த வைத்தியம் இது. கடுமையான ஈய நஞ்சேறிய குழந்தையின் உயிரை அது காப்பாற்றும். ஆனால் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 45 மைக்ரோகிராமைத் தொட்டால்தான் குழந்தைகளுக்கு அதைத் தரச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்குக் கீழே, 20 முதல் 44 வரை ஈயம் இருந்த 780 அமெரிக்கக் குழந்தைகளிடம் நடந்த பரிசோதனையின் முடிவு 2001-இல் வந்தது. டி.எம்.எஸ்.ஏ. மருந்து இரத்தத்து ஈயத்தைக் குறைத்தது, அறிவுத்திறனை உயர்த்தவில்லை. ஈயம் உண்மையாகவே ஏறியிருந்த பிள்ளைகளின் நிலையே இது.

ஈயம் ஏறாத உடம்பில் என்ன ஆகும்? 2007-இல் வெளியான எலி ஆய்வொன்றில், ஈயம் ஏறாத குட்டிகளுக்கு இதே மருந்தைக் கொடுத்தபோது அவற்றின் கற்கும் திறன் நீண்ட காலத்துக்குக் குன்றியது. ஆட்டிசம் பிள்ளைகளிடம் கீலேஷனைச் சோதிக்கத் திட்டமிட்டிருந்த அமெரிக்க தேசிய மனநல நிறுவனம் மறு ஆண்டே அதைக் கைவிட்டது.

அதற்கு முன்பே ஒரு உயிர் போயிருந்தது. இங்கிலாந்தின் பாத் நகருக்கு அருகிலிருந்து சிகிச்சைக்காக அமெரிக்கா சென்ற 5 வயதுச் சிறுவன், 2005 ஆகஸ்டில் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவரின் அறையில் இறந்தான். நரம்பில் ஏற்றிய டைசோடியம் ஈ.டி.டி.ஏ. இரத்தத்துக் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டது, இதயம் நின்றது. கால்சியம் கலந்த வேறு வகையை ஏற்றியிருந்தால் பிழைத்திருப்பான் என்று வாதிடுபவர்கள் உண்டு. எந்த வகையும் ஆட்டிசத்துக்கு மருந்தில்லை என்பதை அவர்கள் பேசுவதில்லை. ஆட்டிசத்துக்குக் கீலேஷன் கூடாது என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2013-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது.

"கொடுத்த பிறகு பிள்ளை இரண்டு வார்த்தை சொன்னானே" என்று சொல்லும் பெற்றோர் பொய் சொல்லவில்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளையும் வளர்கிறது. மூன்று வயதில் பேசாத பலர் ஐந்தில் பேசுகிறார்கள். பேச்சுப் பயிற்சி, பள்ளி, வீட்டில் நாள் முழுக்கக் கூட உட்காரும் அம்மம்மா என்று எத்தனையோ கைகள் சேர்ந்து செய்ததற்கு மருந்து பெயர் வாங்கிக்கொள்கிறது.

பிள்ளை மண்ணோ பெயின்டோ தின்கிறதென்றால் ஜி.பி.யிடம் அதைத் தெளிவாகச் சொல்லி, இரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொல்லுங்கள். தேசிய சுகாதார சேவையில் அதற்குக் கட்டணம் இல்லை. சுர்மாவையும் ஊர் மருந்தையும் மறைக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள். 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால், குழாயா பெயின்டா மருந்தா என்று ஈயத்தின் மூலத்தைத் தேட இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை உதவும். இரும்புச்சத்தையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. அது குறைந்த பிள்ளைகள்தான் கண்டதையும் வாயில் போடுவது அதிகம். அவர்கள் குடல் ஈயத்தை உறிஞ்சுவதும் அதிகம்.