கட்டைகளுக்கு அடித்தளம் எது?

கணிப்பொறிக்கு நாம் வரிசையாக இடும் கட்டளைகளை நிரல் என்கிறோம். நிரல் எழுதப் பழகத் தொடங்கியவர் எவரையேனும் கேட்டுப் பாருங்கள். ஓர் அடைப்புக்குறியை மூட மறந்தால் போதும். கணிப்பொறி வேலை செய்ய மறுத்துவிடும். சிந்தனை சரியாகவே இருக்கும். சிறு எழுத்துப் பிழை அதை முடக்கிவிடும்.

இத்தொல்லையைத் தவிர்க்க ஒரு வழி உண்டு. கட்டளைகளைத் தட்டச்சு செய்யாமல், வண்ணக் கட்டைகளாகத் திரையில் அடுக்குவதே அது. ஒரு கட்டையின் அடியில் சிறு புடைப்பு. மற்றொன்றின் மேற்புறத்தில் அதற்கேற்ற பள்ளம். நிபந்தனைக்கு உரிய இடம் அறுகோண வடிவில் இருக்கும். அங்கே அறுகோணக் கட்டை மட்டுமே பொருந்தும். எனவே நிரலின் இலக்கணத்தில் பிழை நேர வழியில்லை. பூனையை நடக்கச் சொல்ல வேண்டிய இடத்தில் திரும்பச் சொன்னால், அந்தத் தவறு மட்டும் நம்முடையது!

இவ்வகைக் கருவிகளுள் புகழ்பெற்றது ஸ்கிராட்ச். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், மிட்செல் ரெஸ்னிக் தலைமையிலான குழு இதை உருவாக்கி 2007-ஆம் ஆண்டில் வெளியிட்டது. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் இக்கருவியை இரண்டு முறை புதிதாகக் கட்ட நேர்ந்தது. ஏன் தெரியுமா?

இரவல் நிலத்தில் வீடு

முதல் ஸ்கிராட்ச், ஸ்குவீக் என்னும் மொழியில் எழுதப்பட்டது. அதைக் கணிப்பொறியில் நிறுவிய பிறகே பயன்படுத்த முடியும். நிறுவாமல், இணைய உலாவியிலேயே நிரல் எழுத முடிந்தால் எவ்வளவு வசதி! 2013-இல் வந்த இரண்டாம் ஸ்கிராட்ச் அதைச் சாதித்தது. அதற்கு அடித்தளம் ஃபிளாஷ்.

ஃபிளாஷ் என்பது உலாவியுடன் இணைத்துக்கொள்ளும் ஒரு துணைக்கருவி. அக்காலத்தில் ஒரே பக்கம் ஒவ்வோர் உலாவியிலும் வெவ்வேறு விதமாகத் தோன்றுவதுண்டு. ஃபிளாஷோ படம், ஒலி, அசைவு மூன்றையும் எங்கும் ஒரே விதமாகக் காட்டியது. ஆகவே அதைத் தேர்ந்தெடுத்ததில் நியாயம் இருந்தது.

ஆனால் ஃபிளாஷ், அடோபி என்ற ஒரே நிறுவனத்தின் சொத்து. ஐபேட் போன்ற கருவிகளில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. 2020-ஆம் ஆண்டின் இறுதியோடு ஃபிளாஷைக் கைவிடப் போவதாக 2017-இல் அடோபி அறிவித்தது. உலகெங்கும் சிறுவர் சிறுமியர் செய்து வைத்திருந்த கோடிக்கும் மேற்பட்ட விளையாட்டுகளும் கதைகளும் என்னவாகும்?

வேலைக்கு ஏற்ற கருவி

குழுவினர் முன்பே விழித்துக்கொண்டிருந்தனர். 2019 சனவரியில் மூன்றாம் ஸ்கிராட்ச் வெளிவந்தது. இதற்குத் துணைக்கருவி எதுவும் வேண்டாம். உலாவிகள் தாமாகவே புரிந்துகொள்ளும் எச்.டி.எம்.எல்., ஜாவாஸ்கிரிப்ட் போன்ற பொது விதிகளின் மேல் அது நிற்கிறது. இவை பலர் கூடி வகுத்த விதிகள். எந்த ஒரு நிறுவனமும் தனியாக இவற்றை நிறுத்திவிட முடியாது.

திரையின் ஒரு பக்கம் கட்டைகள். மறுபக்கம் பூனை ஓடும் மேடை. இரண்டும் படங்களே. ஆயினும் இரண்டுக்கும் ஒரே முறை பயன்படவில்லை.

கட்டைகளை வரைவது எஸ்.வி.ஜி. முறை. இதில் படம் புள்ளிகளாக அன்றி, கோடுகளையும் வளைவுகளையும் பற்றிய விவரமாகவே இருக்கும். எனவே எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரங்கள் சிதைவதில்லை. ஒவ்வொரு கட்டையும் தனிப்பொருளாதலால், விரல் எதைத் தொட்டது என்பதை உலாவியே சொல்லிவிடும். கூகுள் நிறுவனம் எவரும் பயன்படுத்தலாம் என வெளியிட்ட பிளாக்லி என்ற நிரல்தொகுப்பு இதற்கு உதவியது.

மேடையின் கதை வேறு. 480 அலகு அகலமும் 360 அலகு உயரமும் கொண்ட அதனை நொடிக்கு 30 முறை வரைய வேண்டும். இதற்கு வேகம் தேவை. ஆகவே வெப்ஜிஎல் என்ற முறையின் வழியாக, படம் வரைவதற்கென்றே அமைந்த சில்லிடம் அவ்வேலை ஒப்படைக்கப்பட்டது.

ஒரே ஒரு சமையற்காரர்

'எப்போதும் செய்' என்றொரு கட்டை உண்டு. அதனுள் வைத்த கட்டளைகள் முடிவின்றி நடக்கும். இதை நேரடியாக ஜாவாஸ்கிரிப்டாக மாற்றினால் பக்கம் முழுவதும் உறைந்துவிடும்! ஏனெனில் உலாவிப் பக்கத்தில் ஜாவாஸ்கிரிப்ட், ஒரே சமையற்காரர் உள்ள அடுக்களை போன்றது. அவர் பாயசத்தையே கிளறிக்கொண்டு நின்றால் இட்லியை யார் இறக்குவது?

எனவே ஸ்கிராட்ச் ஒரு தந்திரம் செய்கிறது. சுழலின் ஒரு சுற்று முடிந்ததும் அக்கட்டை அடுக்கை நிறுத்தி வைத்து, அடுத்த அடுக்கைக் கவனிக்கிறது. எல்லாவற்றுக்கும் முறை வந்தபின் மேடையை வரைகிறது. பிறகு மீண்டும் முதல் அடுக்கு. இது மிக விரைவாக நடப்பதால், பூனையும் நாயும் ஒரே சமயத்தில் ஓடுவதாக நமக்குத் தோன்றுகிறது.

பழைய படைப்புகள் பிழைத்தன

ஃபிளாஷ் மறைந்தபோது அந்தப் படைப்புகள் ஏன் மறையவில்லை? இரண்டாம் ஸ்கிராட்சில், எந்தக் கட்டைக்குப் பின் எந்தக் கட்டை என்ற விவரம் எளிய எழுத்துக் குறிப்பாகவும், படங்களும் ஒலிகளும் தனிக் கோப்புகளாகவும் சேமிக்கப்பட்டிருந்தன. சமையற்குறிப்பு கையில் இருந்தால் அடுப்பை மாற்றிக்கொள்ளலாம் அல்லவா? புதிய ஸ்கிராட்ச் அக்குறிப்புகளைப் படித்து இயக்கியது. முதல் ஸ்கிராட்சின் கோப்புகளைத் திறக்கவும் அதற்குக் கற்றுத்தரப்பட்டது.

இந்த மாற்றத்திற்கு ஒரு விலையும் உண்டு. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் போன்ற பழைய உலாவிகளிலும், வெப்ஜிஎல் இல்லாத கணிப்பொறிகளிலும் மூன்றாம் ஸ்கிராட்ச் இயங்காது. இணைய வசதி இல்லாத பள்ளிகளுக்காக, நிறுவிக்கொள்ளும் பதிப்பும் தரப்பட்டது.

நாளை நீங்களும் இத்தகைய கருவி ஒன்றைப் படைக்கலாம். தொடங்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இதன் அடித்தளம் பொதுவுடைமையா, ஒருவரின் தனிச்சொத்தா? பயன்படுத்தப் போகிறவர் கையில் உள்ள கருவியில் இது இயங்குமா? நம் கருவியே ஒருநாள் இல்லாமற்போனாலும், அவர் செய்த படைப்பு அவரிடம் மிஞ்சுமா?

மூன்றாம் கேள்விக்கு முதலில் விடை தேடுங்கள்.