கூண்டில் வளரும் உயிரும் அமானிதமே: தேங்காய் நார்த்தூள் படுக்கை தயாரிப்பது எப்படி?

அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர் ஒரு சிறு பறவையை வளர்த்து வந்தார். நபி (ஸல்) அவர்கள் அந்தப் பறவையைப் பற்றி அவரிடம் அன்போடு விசாரித்ததை புகாரி, முஸ்லிம் நூல்களில் காண்கிறோம். பூனையைப் பட்டினி போட்டு அடைத்து வைத்த பெண் தண்டிக்கப்பட்ட செய்தியும் அதே நூல்களில் உண்டு. வளர்ப்பதற்கு அனுமதி உண்டு. ஆனால் அடைபட்ட உயிருக்கு நாமே பொறுப்பு.

முயல், ஹாம்ஸ்டர் கூண்டுகளில் பெரும்பாலும் செய்தித்தாள்தான் விரிக்கிறோம். அது நனைந்ததும் மூத்திர நெடி கிளம்பும். அந்த நெடி நம்மைவிட, தரையோடு மூக்கை வைத்திருக்கும் பிராணியின் நுரையீரலையே முதலில் தாக்கும். ஈரம் பட்டுப் பட்டுப் பாதமும் புண்ணாகும். ஈரத்தை உறிஞ்சும் நார்த்தூள் இதற்கு நல்ல மாற்று. நர்சரிகளில் 'கோகோபீட்' கட்டியாகக் கிடைக்கும். உரம் கலந்ததை வாங்க வேண்டாம்.

தயாரிக்கும் முறை:

1. 650 கிராம் கட்டியை 3 முதல் 4 லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஊற வையுங்கள். உதிர்ந்து பல மடங்கு பெருகும்.

2. நார்த்தூளில் இயற்கையாகவே உப்பு உண்டு. துணியில் கட்டி மூன்று முறை அலசிப் பிழியுங்கள். தர்மபுரி மாவட்டத்தின் பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பும் ஃப்ளோரைடும் அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். ஆகவே கடைசி அலசலுக்கு மழைநீர் சிறந்தது. அலசிய நீரை வீணாக்காமல் தென்னைக்கு ஊற்றுங்கள்.

3. காலில் சிக்கும் நீள நார்களைப் பொறுக்கி எடுங்கள்.

4. தார்ப்பாயில் பரப்பி, கிளறிவிட்டு, வெயிலில் நன்கு காய வையுங்கள். கைப்பிடியில் அழுத்தினால் உருண்டையாகக் கூடாமல் உதிர வேண்டும். ஈரம் மிச்சமிருந்தால் பூஞ்சை பிடிக்கும்.

5. தூசியைச் சலித்துவிட்டு 2 அங்குல உயரத்துக்குப் பரப்புங்கள். முயலுக்கு அதன்மேல் காய்ந்த புல் போடுங்கள். நார்த்தூளைத் தின்பதைக் கண்டால் உடனே அகற்றிவிட்டுப் புல்லை மட்டும் போடுங்கள்.

நனைந்த பகுதியைத் தினமும் அள்ளுங்கள். வாரம் ஒருமுறை முழுவதும் மாற்றுங்கள். பழையது செடிகளுக்கு மட்கு உரமாகும். சுத்தம் செய்யும்போது உடையில் அசுத்தம் பட்டால், கழுவிய பிறகே தொழுகைக்கு நில்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை: நட்சத்திர ஆமையையும் பச்சைக்கிளியையும் வீட்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பிள்ளைகள் ஆசைப்பட்டாலும் வாங்க வேண்டாம்.

கூண்டைச் சுத்தம் செய்யும் வேலையில் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாயில்லா ஜீவனிடம் காட்டும் இரக்கத்துக்கும் கூலி உண்டு என்பதை, இன்ஷா அல்லாஹ், அவர்கள் செய்தே கற்றுக்கொள்வார்கள்.