தவணைக் கணக்கு வலைப்பக்கம் ஏறும்போது

வீட்டுக் கடன் பெற எண்ணுவோர் முதலில் போட்டுப் பார்ப்பது மாதத் தவணைக் கணக்கு. பெங்களூரின் கிழக்கே உள்ள வைட்ஃபீல்ட், 1882-ஆம் ஆண்டில் மைசூர் மன்னர் வழங்கிய நிலத்தில் ஆங்கிலோ இந்தியரின் வேளாண் குடியிருப்பாகத் தோன்றிய ஊர். 1990-களில் தொழில்நுட்பப் பூங்கா அமைந்தபின் அது மென்பொருள் நகராக வளர்ந்தது. அங்குப் பணிபுரியும் ஒரு பொறியாளர், தம் வீட்டுக் கடனுக்காகப் பைத்தான் மொழியில் இருபது வரிகளில் ஒரு தவணை நிரலை எழுதி வைத்திருக்கிறார் என்று கொள்வோம். உறவினரும் நண்பரும் தங்களுக்கும் கணக்கிட்டுத் தருமாறு கேட்கின்றனர். அந்நிரலைத் தமது வலைப்பக்கத்தில் ஏற்றிவிட்டால் அனைவருக்கும் பயன்படுமே என்று அவருக்குத் தோன்றுகிறது. எளிய வேலைதான். எனினும், அதில் கருத வேண்டியவை சில உண்டு.

சூத்திரம் மாறுவதில்லை

ஆண்டு வட்டியைப் பன்னிரண்டால் வகுத்தால் மாத வட்டி கிடைக்கும். 10 லட்சம் ரூபாய், 9 சதவீதம், 20 ஆண்டுகள் என்றால், மாத வட்டி 0.75 சதவீதம், தவணைகள் 240. 1.0075 என்பதை 240 முறை பெருக்கினால் ஏறத்தாழ 6.009 வரும். அதனை, அதிலிருந்து ஒன்றைக் கழித்த 5.009-ஆல் வகுத்து, முதல் மாத வட்டியான 7,500 ரூபாயால் பெருக்க வேண்டும். விடை 8,997 ரூபாய். இருபது ஆண்டுகளில் செலுத்தும் மொத்தத் தொகை ஏறத்தாழ 21.59 லட்சம். எந்த மொழியில் எழுதினாலும் இந்தக் கணக்கு இதுவே.

பைத்தான் நிரலை அப்படியே உலாவியில் இயக்கப் பயோடைட் போன்ற கருவிகள் உள்ளன. ஆனால், இருபது வரிக் கணக்கிற்காகப் பயனர் ஒவ்வொருவரும் பல மெகாபைட் தரவிறக்க நேரிடும். எனவே, 1995-இல் உலாவிகளுக்கென்றே உருவான ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் அதனை மாற்றி எழுதுவதே சிக்கனம். மூல நிரல் பிறர் எழுதியதாயின், அதனை மாற்றி வெளியிட உரிமம் இடம் தருகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உள்ளிடும் கை மாறுகிறது

இதுவரை அந்நிரலைப் பயன்படுத்தியவர் எழுதியவர் ஒருவரே. எதை எப்படி உள்ளிட வேண்டும் என்பதை அவர் அறிவார். வலைப்பக்கத்திற்கு வருவோர் அறியமாட்டார்கள். ஒருவர் வழக்கப்படி காற்புள்ளியுடன் 10,00,000 என்று இடுவார். பைத்தான் அதை எண்ணாக ஏற்காமல் பிழை காட்டி நின்றுவிடும். ஜாவாஸ்கிரிப்டின் பார்ஸ்ஃப்ளோட் கட்டளையோ முதற்காற்புள்ளி வரை மட்டும் படித்து, கடன் 10 ரூபாய் என்று கொள்ளும். தவணை 9 காசு என்று விடை தரும்.

இத்தகைய பிழை கண்ணுக்குத் தெரிந்துவிடும். மறைந்து நிற்கும் பிழையே ஆபத்தானது. பெட்டியில் உள்ளிடப்படும் எண், நிரலுக்கு எழுத்தாகவே வந்து சேர்கிறது. வட்டி அரை சதவீதம் உயர்ந்தால் என்னவாகும் என்று அறிய 9-உடன் 0.5-ஐக் கூட்டினால், ஜாவாஸ்கிரிப்ட் இரண்டையும் ஒட்டி 90.5 என்று ஆக்கிவிடும். ஆதலால் காற்புள்ளிகளை நீக்கி, எண்ணாக மாற்றிய பின்னரே கணக்கைத் தொடங்க வேண்டும். வட்டி சுழியம் எனில் சூத்திரம் சுழியத்தைச் சுழியத்தால் வகுக்க முயலும். அப்போது அசலைத் தவணைகளின் எண்ணிக்கையால் வகுத்தாலே போதும்.

வட்டி மாறினால்?

பெரும்பாலான வீட்டுக் கடன்களின் வட்டி மாறக்கூடியது. மேற்சொன்ன கடனுக்குத் தொடக்கத்திலேயே வட்டி 9.5 சதவீதமானால் தவணை 9,321 ரூபாய் ஆகும். தவணையை உயர்த்தாமல் பழைய தொகையையே செலுத்தினால், கடன் 269 மாதங்களுக்கு நீளும். அதாவது 29 மாதங்கள் கூடுதல். வட்டி மாறும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டிப்பதா, இரண்டையும் செய்வதா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைக் கடன் பெற்றவருக்கு வழங்க வேண்டும் என 2023 ஆகஸ்ட் 18 அன்று ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியது. இவ்விரு விடைகளையும் அருகருகே காட்டும் பக்கமே ஒரு குடும்பத்தின் முடிவுக்கு உண்மையில் துணைநிற்கும்.

கணக்கு நடைபெறும் இடம்

ஜாவாஸ்கிரிப்ட் நிரல் பயனரின் கருவியிலேயே இயங்கக்கூடியது. உள்ளிட்ட தொகை வெளியே செல்ல வேண்டிய தேவையில்லை. இதனைப் பயனரும் சோதித்துப் பார்க்கலாம். பக்கம் திறந்தபின் இணையத்தை அணைத்துவிட்டுப் பொத்தானை அழுத்துங்கள். விடை வந்தால், கணக்கு உங்கள் கருவியிலேயே நடக்கிறது.

தவணைக் கணக்கிற்குத் தேவையானவை மூன்றே எண்கள்: தொகை, வட்டி, காலம். தொலைபேசி எண், பான் எண், கணக்கு எண், ஒருமுறை கடவுச்சொல் ஆகிய எதற்கும் அங்கு வேலையில்லை. அவற்றைக் கேட்கும் பக்கத்திலிருந்து வெளியேறிவிடுவதே நன்று. பக்கத்தை அமைப்பவரும் எந்த வங்கியின் பெயரையோ சின்னத்தையோ அதில் பயன்படுத்தலாகாது.

வெளியிடுமுன், விடை தெரிந்த சில கணக்குகளை இட்டு, வங்கியின் அதிகாரபூர்வ இணையதளத்தில் உள்ள கணிப்பானுடன் ஒப்பிட வேண்டும். ‘இது மதிப்பீடு மட்டுமே’ என்னும் குறிப்பும் பக்கத்தில் இடம்பெற வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல், புதிய சில்லறைக் கடன்களுக்கு வங்கி தரும் முக்கிய விவர அறிக்கையில் கட்டணங்களும் சேர்ந்த ஆண்டுச் சதவீத விகிதம் குறிப்பிடப்படுகிறது. கையொப்பமிடுமுன் படிக்க வேண்டியது அந்த அறிக்கையையே. அதிலுள்ள எண்களைப் புரிந்துகொண்டு கேள்வி கேட்க உதவுமானால், இருபது வரி நிரல் தன் கடமையைச் செய்துவிட்டது.