சக்கரம் முளைத்த உருபு

வெந்நீர் மிஞ்சிப்போனதில் பிறந்தது பஸ்.

பிரான்சின் நாந்த் நகரை ஒட்டி ஸ்தனிஸ்லாஸ் போத்ரி என்பவர் நீராவியில் ஓடும் மாவு மில் வைத்திருந்தார். மில்லில் மிஞ்சும் வெந்நீரை வீணாக்குவானேன் என்று பக்கத்திலேயே குளியல் விடுதி தொடங்கினார். ஆட்களைக் கூட்டிவர 1826இல் ஊர் நடுவிலிருந்து குதிரை வண்டியும் விட்டார். வண்டி நிறைந்தது, விடுதி நிறையவில்லை. ஏறியவர்கள் அவரவர் வேலைக்கு வழியிலேயே இறங்கிக்கொண்டார்கள். போத்ரி குளியலை விட்டுவிட்டு வண்டித் தொழிலைப் பிடித்துக்கொண்டார்.

வண்டிக்குப் பெயர் ‘ஓம்னிபுஸ்’. லத்தீனில் ‘எல்லோருக்கும்’ என்று பொருள். வண்டி நிற்கும் இடத்தில் ஓம்னெஸ் என்ற தொப்பி வியாபாரி ‘ஓம்னெஸ் ஓம்னிபுஸ்’ என்று பலகை மாட்டியிருந்தார், பெயர் அதிலிருந்து வந்தது என்று ஒரு கதையும் உண்டு. கதை இவ்வளவு கச்சிதமாக இருப்பதாலேயே கொஞ்சம் சந்தேகம் வருகிறது.

இந்த வண்டி 1828இல் பாரிசுக்குப் போனது. 1829 ஜூலை 4 அன்று ஜார்ஜ் ஷில்லிபியர் லண்டனில் மூன்று குதிரை பூட்டி, பாடிங்டனிலிருந்து பாங்க் வரை ஓட்டினார். ஆங்கிலேயர் வாயில் பெயர் சில வருஷத்திலேயே தேய்ந்து ‘பஸ்’ ஆனது.

வேடிக்கை இங்கேதான். ‘ஓம்னி’தான் பகுதி. எல்லாம், எல்லோரும் என்ற பொருள் முழுக்க அதில் இருக்கிறது. ‘புஸ்’ என்பது நான்காம் வேற்றுமைப் பன்மை உருபு. நம் ‘கு’வைப் போலத் தனியே நின்றால் ஒன்றுமில்லை. பொருளை உதறிவிட்டு உருபை வைத்துக்கொண்டார்கள். ‘எல்லோருக்கும்’ என்று ஒரு வண்டிக்குப் பெயர் வைத்து, நாளடைவில் “க்கும் வந்திருச்சா?” என்று கேட்கிற கதை.

அந்த வாலிலிருந்து மினிபஸ், டிராலிபஸ், ஏர்பஸ் என்று ஒரு குடும்பமே கிளைத்துவிட்டது. கணினிக்குள் தகவல் ஓடும் பாதைக்கும் பஸ் என்றே பெயர். 1914இல் ஆக்ஸ்ஃபோர்டின் ஏ. டி. காட்லி ‘மோட்டார் பஸ்’ஸை அசல் லத்தீன் பெயர்ச்சொல்லாகவே பாவித்து, ஒவ்வொரு வேற்றுமையிலும் திரித்து ஒரு கேலிக் கவிதை எழுதினார்.

நம் ஊரில் பலகை ‘பேருந்து நிலையம்’ என்கிறது. அதன் கீழே நிற்பவர் வாயில் வருவது “பஸ்ஸுக்கு நேரமாச்சு”. லத்தீனின் நான்காம் வேற்றுமை மேல் தமிழின் நான்காம் வேற்றுமை ஏறி உட்கார்ந்திருக்கிறது.