முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சையும் நம் தாய்மாரின் தொழுகையும்

"முழங்காலை மாற்றினால் பிறகு ஸுஜூது செய்யேலாதாமே, மௌலவி?" சம்மாந்துறையில் பெண்களுக்கான மார்க்க வகுப்புகளில் அடிக்கடி எழும் கேள்வி இது. இந்த அச்சத்தினாலேயே நம் தாய்மார் பலர் வேதனையைப் பொறுத்துக்கொண்டு காலத்தைக் கடத்துகின்றனர்.

தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சந்திக்கும் இடத்தில் வழுவழுப்பான குருத்தெலும்பு உண்டு. அது தேய்ந்து, எலும்போடு எலும்பு உராய்வதே மூட்டுத் தேய்வு. 50 வயதைத் தாண்டிய பெண்களை இது கூடுதலாகப் பாதிக்கிறது. உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் சுமை சுமார் நான்கு கிலோ குறைகிறது. ஆகவே எடை குறைப்பும் தொடைத் தசைக்கான பயிற்சியுமே முதல் வைத்தியம். இவற்றாலும் மருந்தாலும் பயனின்றி, இரவில் தூக்கமும் பகலில் நடையும் கெட்டவர்களுக்கே சத்திரசிகிச்சை.

சிலர் நினைப்பதுபோல் இது காலையே வெட்டி மாற்றுவதன்று. தேய்ந்த எலும்பு முனைகளை மெல்லியதாகச் சீவி, உலோக உறை பொருத்தி, இடையில் உறுதியான பிளாஸ்டிக் தட்டு வைக்கிறார்கள். இன்றைய முறைக்கு அடிப்படையான செயற்கை மூட்டு 1974இல் நியூயோர்க்கில் உருவானது. அதை உருவாக்கியோரில் ஒருவர் இந்தியாவில் பிறந்த டாக்டர் சித்தரஞ்சன் ரணாவத். இந்தியப் பிரதமராயிருந்த வாஜ்பாயின் இரு முழங்கால்களையும் 2000இலும் 2001இலும் மும்பாயில் மாற்றியவர் அவரே. வாஜ்பாய் 2004 வரை அப்பதவியில் இருந்தார்.

பொருத்திய மூட்டுகளில் பத்தில் எட்டு, 25 ஆண்டுகள் வரை உழைக்கின்றன. எனினும் கிருமித் தொற்று, இரத்தக்கட்டி போன்ற ஆபத்துகள் உண்டு. சிலருக்கு வலி முற்றாக நீங்குவதுமில்லை. சீனி வியாதியுள்ளோர் அதை முதலில் கட்டுப்படுத்த வேண்டும். சத்திரசிகிச்சைக்குப் பின் பயிற்சியைக் கைவிட்டால் கால் விறைத்துவிடும்.

இனி ஸுஜூது. புதிய மூட்டுடன் முழங்காலிடச் சிலரால் முடியும், பலருக்குச் சிரமம். இதை வைத்தியரிடம் முன்கூட்டியே கேளுங்கள். ஆனால் சகோதரிகளே, ஒன்றைச் சிந்தியுங்கள். நின்று தொழ முடியாதவர் இருந்தும், அதுவும் முடியாதவர் சாய்ந்து படுத்தும் தொழலாம் என நபி (ஸல்) அவர்கள் நோயுற்றிருந்த இம்றான் இப்னு ஹுஸைன் (றழி) அவர்களுக்கு வழிகாட்டினார்கள். ஸுஜூதுக்கு இயலாதவர் கதிரையில் அமர்ந்து, றுகூஃவைவிடச் சற்றுக் கூடுதலாகக் குனிந்தால் போதுமானது. ஆனால் நிற்க முடிந்தவர் பர்ளுத் தொழுகையில் நின்றே ஆக வேண்டும். கதிரை இருக்கிறதென்று முழுத் தொழுகையையும் இருந்து தொழலாகாது. வலியால் அந்த நிலையையே இழந்துவிட்ட தாய்க்கு, சத்திரசிகிச்சை அதை மீட்டுத் தரக்கூடும். ஸுஜூதுக்கு அஞ்சி நிலையை இழப்பானேன்?

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. "வயது போனால் இப்படித்தான் உம்மா" என்று சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள். எலும்பியல் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். சத்திரசிகிச்சை முடிவானால், உம்மா வீடு திரும்புமுன் கொமட் மலசலகூடமும் கைபிடித்து எழும்பக்கூடிய உயரமான கதிரையும் ஏற்பாடு செய்யுங்கள். முதல் ஆறு வாரங்களும் பயிற்சியின்போது யார் பக்கத்தில் நிற்பது என்பதை மகளும் மருமகளும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.